திரை பெரிதா, டிரான்ஸ்டியூசர் பெரிதா?

பொழுதுபோக்குக்காகச் சின்னப் படகில் மீன் பிடிக்கப் போகிறவர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாரும் ‘எந்த ஃபிஷ்ஃபைண்டர் (தண்ணீருக்குள் ஒலி அனுப்பி மீனைத் திரையில் காட்டும் கருவி) வாங்கலாம்?’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். கடிதத்தின் பாதியைத் தாண்டும்போதே தெரிந்துவிடுகிறது, சிக்கல் படகுக்கு அடியில் யாரும் கண்டுகொள்ளாமல் கிடக்கும், ஒலியை அனுப்பி வாங்கும் டிரான்ஸ்டியூசரில்தான் என்று. அதனால் இந்தப் பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: 5 மீட்டர் ஃபைபர் படகு, அவுட்போர்டு மோட்டார். 9 அங்குலத் திரை உள்ள ஒரு கருவியைப் பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டியிலேயே ஒரு டிரான்ஸ்டியூசரும் வருகிறது. அது போதுமா, தனியாக வேறு வாங்க வேண்டுமா?

பதில்: முதலில் எது என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். டிரான்ஸ்டியூசருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்துடிப்பு கொடுத்தால் அது அதிர்ந்து ஒலியை அனுப்பும். எதிரொலி திரும்பி வந்து மோதினால் அதே வில்லை மிகச் சிறிய மின்னழுத்தத்தை உண்டாக்கும். கடல்நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும், ஆகவே 30 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப 0.04 நொடி. இந்த நேரத்தை அளந்து, எதிரொலியின் வலுவுக்கு ஏற்ப நிறம் போட்டு வரைவதுதான் மேலே இருக்கும் கருவியின் வேலை. எதிரொலியே ஒழுங்காக வராவிட்டால் 9 அங்குலம் என்ன, 16 அங்குலத் திரை வைத்தாலும் குப்பைதான் பெரிதாகத் தெரியும்.

பெட்டியோடு வருவதைக் குறைத்துச் சொல்லவில்லை. பெரும்பாலும் அது படகின் பின்பலகையில் திருகி மாட்டும் பிளாஸ்டிக் வகை, நடுத்தர ஆழத்துக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் நன்றாகவே வேலை செய்யும். ஏரி, உப்பங்கழி, கரையோரக் கடல் என்று இருந்தால் அதோடு ஆரம்பியுங்கள், தனியாக வாங்கத் தேவையில்லை. ஆழ்கடல் பக்கம் போகிறவர், வேகமாக ஓடிக்கொண்டே தரையைப் பார்க்க விரும்புகிறவர், பின்பலகையில் ஏணியும் இரட்டை மோட்டாரும் நிறைந்து இடமே இல்லாதவர், இவர்களுக்குத்தான் பெட்டிச் சரக்கு போதாது. உங்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: 9 அங்குலத்திலிருந்து 7 அங்குலத்துக்கு இறங்கினால் மிச்சமாகும் பணத்தில் நல்ல டிரான்ஸ்டியூசர் கிடைக்குமா என்று ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். டிரான்ஸ்டியூசர் இல்லாமல் கருவியை மட்டும் தனியாகவும் விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 50, 83, 200, 455, 800 என்று கிலோஹெர்ட்ஸ் எண்களாக அடுக்குகிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதா, சின்னதாக இருந்தால் நல்லதா?

பதில்: எவ்வளவு ஆழத்தில் பிடிக்கிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. அதிர்வெண் கூடக்கூட படம் நுணுக்கமாகும், ஆனால் தண்ணீர் அந்த ஒலியைச் சீக்கிரமே விழுங்கிவிடும். குறைந்த அதிர்வெண் ஆழமாகப் போகும், விவரம் மொத்தையாக இருக்கும். கடலில் இந்த விழுங்கல் இன்னும் மோசம். கடல்நீரில் கரைந்திருக்கும் மெக்னீசியம் சல்பேட்தான் இந்த அதிர்வெண்களில் முக்கியக் காரணம், உப்பு என்றாலே நினைவுக்கு வரும் சோடியம் குளோரைடு அல்ல. அதனால்தான் நன்னீர் ஏரியில் ஒருவர் 200 கிலோஹெர்ட்ஸில் ஜம்மென்று தரையைப் பார்த்த ஆழத்தில், அதே கருவி கடலில் திணறும். விளம்பரத்தில் போட்டிருக்கும் ‘அதிகபட்ச ஆழம்’ எந்தத் தண்ணீருக்கு என்று சின்ன எழுத்தில் தேடிப் பாருங்கள்.

அடுத்தது கூம்பு. ஒலி டார்ச் வெளிச்சம் மாதிரி விரிந்துகொண்டே கீழே போகிறது. பொதுவாக 200 கிலோஹெர்ட்ஸில் கூம்பின் கோணம் 12 முதல் 20 டிகிரி வரை இருக்கும், 50 கிலோஹெர்ட்ஸில் 40, 45 டிகிரி வரை போகும் (வில்லை பெரிதாக இருந்தால் அதே அதிர்வெண்ணிலும் கூம்பு குறுகும், அதனால் ஒவ்வொரு மாதிரிக்கும் அட்டவணையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்). 20 டிகிரிக் கூம்பு தரையில் விழும் வட்டத்தின் விட்டம் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று மனசில் வைத்துக்கொள்ளலாம். 30 மீட்டர் ஆழத்தில் ஏறக்குறைய 10.5 மீட்டர். 45 டிகிரிக் கூம்பு அதே ஆழத்தில் 25 மீட்டர் அகலம் பார்க்கும்.

அகலமாகப் பார்த்தால் நல்லதுதானே என்று தோன்றும். அங்கேதான் ஒரு வம்பு இருக்கிறது. கருவிக்குத் தூரம் மட்டும்தான் தெரியும், திசை தெரியாது. படகுக்கு நேர் கீழே தரை 30 மீட்டரில் இருக்கிறது, அந்த எதிரொலி முதலில் வந்துவிடும். கூம்பின் விளிம்பில், தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில் ஒரு மீன் நிற்கிறது என்று வையுங்கள். அது சாய்வாக இருப்பதால் டிரான்ஸ்டியூசரிலிருந்து அதன் தூரம் 30 மீட்டரைத் தாண்டிவிடுகிறது, அதன் எதிரொலி தரையின் எதிரொலிக்குப் பின்னால் வந்து அதற்குள்ளேயே புதைந்துபோகும். 45 டிகிரியில் விளிம்பில் இருக்கும் மீன் ஏறக்குறைய 2.3 மீட்டருக்கு மேல் எழும்பினால்தான் தனியாகத் தெரியும். 20 டிகிரியில் 45 சென்டிமீட்டர் எழும்பினாலே போதும். பாறையை ஒட்டி, தரையை ஒட்டி இருக்கும் மீனைத் தேடுகிறவர் அகலக் கூம்பை நம்பினால் மீன் இருந்தும் திரை காலியாகத்தான் இருக்கும். சரிவான தரையில் நிலைமை இன்னும் மோசமாகும்.

சரி, சுருக்கமாக என் பழக்கத்தைச் சொல்கிறேன். 50, 60 மீட்டருக்குள் பிடிக்கிறவருக்கு 200 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள வகை. நூறு மீட்டரெல்லாம் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறவருக்கு 50 கிலோஹெர்ட்ஸும் உள்ள இரட்டை அதிர்வெண் வகை. நடுநீரில் திரியும் மீன்கூட்டத்தைத் தேடுகிறவருக்கு அகலக் கூம்பு லாபம். 455, 800 எல்லாம் ஆழம் குறைந்த இடத்தில் தரையைப் படம்போலப் பார்ப்பதற்கு, அதைப் பிறகு பார்ப்போம்.

கேள்வி: சிர்ப் என்று எல்லாப் பெட்டியிலும் போடுகிறார்கள். இது வெறும் விளம்பரமா?

பதில்: விளம்பரம் இல்லை, நிஜமாகவே வித்தியாசம் உண்டு. பழைய முறையில் கருவி ஒரே அதிர்வெண்ணில் ஒரு துடிப்பை அனுப்பும். அந்தத் துடிப்பு அரை மில்லிநொடி நீளம் என்றால், மேலும் கீழுமாக 37 சென்டிமீட்டருக்குள் இருக்கும் இரண்டு மீன்கள் ஒரே பொருளாகத்தான் தெரியும். துடிப்பைச் சுருக்கினால் பிரித்துக் காட்டும், ஆனால் அனுப்பும் ஆற்றல் குறைந்து ஆழம் போகாது. சிர்ப் முறையில் ஒரே துடிப்புக்குள் அதிர்வெண்ணை, உதாரணமாக 150-லிருந்து 240 கிலோஹெர்ட்ஸ் வரை, வழுக்கிக்கொண்டே போகிறார்கள். திரும்பி வரும்போது கருவி அந்த வழுக்கலை அடையாளம் கண்டு எதிரொலியைச் சுருக்கிவிடும். நீளமான துடிப்பின் வலுவும் கிடைக்கும், குட்டைத் துடிப்பின் துல்லியமும் கிடைக்கும்.

இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். கருவியில் சிர்ப் இருந்து, டிரான்ஸ்டியூசர் ஒற்றை அதிர்வெண் வகையாக இருந்தால் பயன் மிகக் குறைவு, ஏனென்றால் அந்த வில்லையால் அவ்வளவு அகலமான அதிர்வெண் வரிசையில் அதிர முடியாது. ‘சிர்ப்’ என்று எழுதிவிட்டு அலைவரிசை அகலத்தைச் சொல்லாத டிரான்ஸ்டியூசரை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். இரண்டாவது, இங்கே மட்டும் திரைக்காரர்கள் கட்சியில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது: 30 மீட்டர் ஆழத்தை 480 புள்ளி உயரமுள்ள திரையில் காட்டினால் ஒரு புள்ளிக்கு 6 சென்டிமீட்டர், அதைவிட நுணுக்கமாக சோனார் (ஒலியால் பார்க்கும் இந்த முறை) பார்த்தாலும் உங்கள் கண்ணுக்கு வந்து சேராது. அகலம் எத்தனை அங்குலம் என்று பார்ப்பதைவிட, நெடுக்கு வாக்கில் எத்தனை புள்ளி என்று பாருங்கள். தரையை ஒட்டிப் பிடிக்கும்போது, கடைசிச் சில மீட்டரை மட்டும் பெரிதாக்கிக் காட்டும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: 300 வாட்டுக்கும் 600 வாட்டுக்கும் 1 கிலோவாட்டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு மடங்கு வாட் என்றால் இரண்டு மடங்கு ஆழமா?

பதில்: இல்லை. ஒலி கீழே போகப்போக விரிந்து மெலிகிறது, போதாததற்குத் தண்ணீர் வேறு விழுங்குகிறது. அதனால் இரட்டிப்பு வாட்டுக்குக் கிடைக்கும் கூடுதல் ஆழம் கொஞ்சம்தான். ஆழம் வேண்டுமென்றால் முதலில் அதிர்வெண்ணைக் குறையுங்கள், அதன்பிறகு வாட்டைப் பற்றிப் பேசலாம். இன்னொன்று, வாட்டை எழுதும்போது ஆர்.எம்.எஸ். எனும் சராசரி மதிப்பைப் போடுகிறவர்களும் உண்டு, எண் பெரிதாகத் தெரியட்டும் என்று உச்ச மதிப்பைப் போடுகிறவர்களும் உண்டு. இரண்டு மாதிரிகளை ஒப்பிடும்போது ஆர்.எம்.எஸ். மதிப்பை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள்.

அப்புறம், 600 வாட் மட்டுமே தரக்கூடிய கருவியில் 1 கிலோவாட் டிரான்ஸ்டியூசரை மாட்டினால் அது 600 வாட்டில்தான் ஓடும். கெடுதல் இல்லை, பெரிய வில்லை எதிரொலியை நன்றாகவே வாங்கும், ஆனால் முழுப் பலன் கிடைக்காது. தலைகீழாக, சின்ன டிரான்ஸ்டியூசருக்கு அதன் தாங்குசக்திக்கு மேல் ஏற்றுவதுதான் ஆபத்து, வில்லை கெட்டுப்போகும்.

கேள்வி: படகில் ஓட்டை போடவே மனம் வரவில்லை. உள்பக்கமாக ஒட்டி, அடித்தளம் வழியாகவே பார்க்கும் வகை இருக்கிறதாமே. அது வேலை செய்யுமா?

பதில்: செய்யும், ஒரு நிபந்தனையோடு: ஒட்டும் இடத்தில் அடித்தளம் கெட்டியான ஃபைபராக, நடுவில் எதுவும் இல்லாமல் இருக்க வேண்டும். நுரையோ மரமோ உள்ளே வைத்துக் கட்டிய இரட்டைத் தோல் அடித்தளத்தில் ஒலி அந்த நுரையிலேயே செத்துவிடும். மர அடித்தளத்திலும் அலுமினியத்திலும் இந்த வகையை வைத்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பல படகுகளில் மற்ற இடமெல்லாம் நுரை வைத்திருந்தாலும் பின்பக்கம் நடுமுதுகை ஒட்டிய பகுதி மட்டும் கெட்டியாக இருக்கும். படகு கட்டியவரைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒட்டுவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு. மெல்லிய பிளாஸ்டிக் பையில் தண்ணீர் ஊற்றி, டிரான்ஸ்டியூசரை அதற்குள் வைத்து, காற்றையெல்லாம் வெளியேற்றி வாயைக் கட்டுங்கள். படகு தண்ணீரில் நிற்கும்போது, ஒட்ட நினைக்கும் இடத்தைத் துடைத்துக் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பையை அங்கே அழுத்தி வையுங்கள். வில்லையின் முகம் நேராகக் கீழே பார்க்க வேண்டும். திரையில் ஆழம் வருகிறதா, எவ்வளவு தெளிவாக வருகிறது என்று பாருங்கள். பிறகு பையை ஒரு சாண் முன்னே, ஒரு சாண் பக்கவாட்டில் என்று நகர்த்துங்கள். சில இடத்தில் தரைக்கோடு பட்டையாக, அழுத்தமாக வரும், நான்கு விரல் தள்ளி வைத்தால் பாதியாக மங்கிவிடும். நன்றாக வரும் இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமாகப் போகும் ஆழத்திலும் ஒரு தடவை செய்து பார்த்துவிட்டுப் பசையைத் திறங்கள்.

ஒட்டும்போது எதிரி காற்றுக்குமிழிதான். தண்ணீரும் காற்றும் சந்திக்கும் இடத்தில் ஒலி ஏறக்குறைய முழுசாகவே திரும்பிவிடும், பசைக்குள் ஒரு பட்டாணி அளவு காற்று மாட்டிக்கொண்டால்கூட அந்த இடம் குருடு. மெதுவாக இறுகும் எப்பாக்சியைக் குமிழி வராமல் கலக்கி ஊற்றி, டிரான்ஸ்டியூசரைத் திருகியபடியே அழுத்தி இறக்குங்கள். சிலிக்கான் பசை வேண்டாம், அது ஒலியை விழுங்கும். தொட்டி வைத்து அதில் திரவம் நிரப்பி உள்ளே டிரான்ஸ்டியூசரை வைக்கும் வகையும் இருக்கிறது, அதில் புரோப்பிலீன் கிளைக்கால் போன்ற திரவத்தை ஊற்றுவார்கள். அடித்தளம் ‘வி’ வடிவில் சாய்ந்திருந்தால் இந்தத் தொட்டி வகை நல்லது, சாய்வுக்கு ஏற்றபடி வெட்டியோ திருப்பியோ வில்லையை நேராக நிறுத்தலாம்.

இழப்பு இல்லாமல் இல்லை. அடித்தளம் வழியாகப் போய் வருவதில் கொஞ்சம் வலு போய்விடும், தண்ணீரின் வெப்பநிலை தெரியாது (படகுக்குள் இருக்கும் சூட்டைத்தான் காட்டும்), பக்கவாட்டுப் படம் காட்டும் வகைகள் எதுவும் உள்ளேயிருந்து வேலை செய்யாது. இதெல்லாம் பரவாயில்லை என்றால், வேகமாக ஓடும் ஃபைபர் படகுக்கு இது அருமையான வழி. கடல்பாசி ஒட்டாது, எதிலும் மோதாது.

கேள்வி: என்னுடையது அலுமினியப் படகு. நண்பர் ஒருவர் வெண்கல உடல் உள்ள த்ரூ-ஹல் (அடித்தளத்தில் ஓட்டை போட்டுப் பொருத்தும்) டிரான்ஸ்டியூசரைச் சும்மாவே தருகிறேன் என்கிறார். மாட்டலாமா?

பதில்: நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெண்கலமும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் மின்கலம் ஆகிவிடும், அரிக்கப்படுவது அலுமினியம், அதாவது உங்கள் படகு. அலுமினியத்துக்குப் பிளாஸ்டிக் உடல் அல்லது துருப்பிடிக்காத எஃகு உடல், எஃகாக இருந்தால் அதற்கும் படகுக்கும் நடுவில் காப்பு வளையம் கட்டாயம். மரப்படகு வைத்திருப்பவர்களும் இதே தோரணையில் கேட்டிருக்கிறார்கள்: மரம் ஊறி உப்பும்போது பிளாஸ்டிக் தண்டை நெரித்து உடைத்துவிடும், அங்கே வெண்கலம்தான் சரி. ஃபைபருக்கு எதுவும் ஆகும்.

த்ரூ-ஹல் வகை வாங்கும்போது அடித்தளச் சாய்வையும் அளந்துகொள்ளுங்கள். அடித்தளத்தோடு சமமாகப் பதியும் வகைகளில் வில்லை உள்ளேயே 12 டிகிரி, 20 டிகிரி என்று சாய்த்து வைத்து வருகிறது. உங்கள் படகின் சாய்வு 18 டிகிரி என்றால் 20 டிகிரி வகை. சாய்வு பொருந்தாவிட்டால் கூம்பு பக்கவாட்டில் போகும், ஆழமும் தப்பாகக் காட்டும், கீழே இருக்கும் மீனும் தெரியாது.

கேள்வி: மெதுவாகப் போனால் படம் பளிச்சென்று இருக்கிறது. வேகம் எடுத்தவுடன் ஆழ எண் மினுக்கிவிட்டுக் காணாமல் போகிறது, திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக மழை பெய்கிறது. டிரான்ஸ்டியூசர் கெட்டுவிட்டதா? வேறு வாங்கவா?

பதில்: இந்தக் கேள்விதான் அதிகம் பேர் கேட்டது. வாங்காதீர்கள். மெதுவாகப் போகும்போது நன்றாக இருக்கிறது என்றால் டிரான்ஸ்டியூசர் நலமாக இருக்கிறது, அது இருக்கும் இடம்தான் சரியில்லை. புதிதாக விலை உயர்ந்ததை வாங்கி அதே இடத்தில் திருகினால் அதே மழைதான் பெய்யும்.

முதலில் காரணத்தைப் பிரியுங்கள். நங்கூரம் போட்டு மோட்டாரை அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள், படம் சுத்தமாக இருக்க வேண்டும். அப்புறம் மோட்டாரை ஓடவிட்டு, கியர் போடாமல், சுற்றை மெதுவாகக் கூட்டுங்கள். சுற்று கூடக்கூட கோடுகளும் புள்ளிகளும் கூடினால் அது மின்தொந்தரவு: டிரான்ஸ்டியூசர் கம்பி மோட்டார் கம்பிகளோடு ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கும், அல்லது கருவிக்கு மின்சாரம் வேறெங்கிருந்தோ இரவல் வாங்கப்பட்டிருக்கும். பேட்டரியிலிருந்து நேராகத் தனிக் கம்பி இழுத்து, நடுவில் ஃப்யூஸ் வைத்து, டிரான்ஸ்டியூசர் கம்பியை மற்றவற்றிலிருந்து விலக்கிக் கொண்டுபோங்கள். நின்ற இடத்தில் எவ்வளவு சுற்றியும் ஒன்றும் ஆகவில்லை, படகு ஓடினால் மட்டும்தான் கெடுகிறது என்றால் காற்றுக்குமிழிதான் காரணம்.

குமிழி எங்கிருந்து வருகிறது? அடித்தளத்தில் முன்னிருந்து பின்னாக ஓடும் முகடுகள், ரிவெட் வரிசை, தண்ணீர் உறிஞ்சும் துளை, முன்னால் பொருத்திய வேறொரு சென்சார், இவை எதற்குப் பின்னால் இருந்தாலும் அங்கே நுரை ஓடும். அந்தக் கோட்டில் டிரான்ஸ்டியூசரை வைக்கக் கூடாது. படகைக் கரையில் ஏற்றி, பின்பலகையிலிருந்து கண்ணை அடித்தளத்தின் மட்டத்துக்கு இறக்கி முன்னோக்கிப் பாருங்கள், தடையே இல்லாமல் மழமழவென்று போகும் பட்டை ஒன்று தெரியும். அதுதான் இடம். ப்ரொப்பல்லரிலிருந்து குறைந்தது 40 சென்டிமீட்டராவது தள்ளியிருக்கட்டும். ஒற்றை மோட்டார், கடிகாரச் சுற்றில் சுழல்கிறது என்றால் படகின் வலப்பக்கம் நல்லது, அங்கே இறக்கை கீழ்நோக்கி இறங்குவதால் தொந்தரவு குறைவு.

உயரத்தையும் பாருங்கள். டிரான்ஸ்டியூசரின் முகம் ஃபைபர் படகின் அடித்தளத்தைவிட ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் கீழே இருந்து ஆரம்பிக்கலாம், அலுமினியத்தில் ரிவெட் தலைகளின் நுரையைத் தாண்ட இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டியிருக்கும். ஓடவிட்டுப் பாருங்கள், படம் போனால் இன்னும் 3 மில்லிமீட்டர் இறக்குங்கள், மறுபடி ஓடுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக இறக்கினால் பின்னால் தண்ணீர் பீறிட்டு அடித்து மோட்டாரையும் உட்கார்ந்திருப்பவரையும் நனைக்கும். முன்பக்கத்தைவிட வால்பக்கம் ஒரு நூல் தாழ்ந்திருப்பது நல்லது, வால் தூக்கியிருந்தால் முகத்துக்கு அடியில் குமிழி சேரும்.

இப்படித் திரும்பத் திரும்ப நகர்த்த வேண்டியிருக்கும் என்பதால், பின்பலகையில் நேரடியாகத் துளை போடாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் பலகை ஒன்றை முதலில் பின்பலகையில் பொருத்திவிட்டு, டிரான்ஸ்டியூசரை அந்தப் பலகையில் திருகுங்கள். எத்தனை தடவை இடம் மாற்றினாலும் ஓட்டை பலகையில்தான் விழும். பலகையைப் பிடித்திருக்கும் திருகுகளின் துளைகளுக்குள் படகுக்கான சீலன்ட்டைத் தாராளமாக நிரப்புங்கள், நீர்மட்டத்துக்குக் கீழே விட்ட சின்ன ஓட்டை பின்பலகைக்குள் இருக்கும் மரத்தை ஊறவைத்து அழுகடித்துவிடும்.

கேள்வி: திரையில் பிறை மாதிரி வளைவு வந்தால்தான் மீன் என்கிறார்கள். எனக்கு நீளநீளமான கோடுதான் வருகிறது. என் டிரான்ஸ்டியூசர் மட்டமானதா?

பதில்: நீங்கள் நங்கூரம் போட்டு நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மீன் கூம்பின் ஓரத்தில் நுழையும்போது தூரம் அதிகம், நடுவுக்கு வரும்போது குறைவு, மறு ஓரத்தில் மறுபடி அதிகம், அதனால்தான் வளைவு. படகும் மீனும் சும்மா நின்றால் தூரம் மாறாது, நேர்க்கோடுதான் வரும். பாதி வளைவு வந்தால் மீன் கூம்பின் ஓரத்தை மட்டும் உரசிவிட்டுப் போயிருக்கிறது. வளைவு நீளமாக இருந்தால் மீன் பெரிது என்றும் அர்த்தமில்லை, கூம்புக்குள் அதிக நேரம் இருந்தது என்றுதான் அர்த்தம். பருமனைப் பாருங்கள், அதுதான் எதிரொலியின் வலுவைச் சொல்லும்.

எதிரொலியின் பெரும்பகுதி மீனின் நீச்சல் பையிலிருந்து வருகிறது, அதில் வாயு இருப்பதால். சுறாவுக்கும் திருக்கைக்கும் அந்தப் பை கிடையாது, தட்டை மீன்களில் வளர்ந்த பிறகு இருக்காது, அதனால் பெரிய உடம்போடு நின்றாலும் மங்கலாகத்தான் காட்டும். திரையில் குட்டி மீன் பொம்மை போடும் வசதியை அணைத்துவிடுங்கள். செடி, குமிழி, மிதக்கும் குப்பை எல்லாவற்றுக்கும் அது வாலும் செதிலும் ஒட்டிவிடும்.

கேள்வி: பழைய கருவி ஒரு நிறுவனத்துடையது, எனக்குப் பிடித்த டிரான்ஸ்டியூசர் இன்னொரு நிறுவனத்துடையது. இணைப்பானை வெட்டி ஒட்டிக்கொள்ளலாமா?

பதில்: வெட்டாதீர்கள். அந்தக் கம்பிக்குள் வில்லைக்கான இணைகள், மின்காப்பு உறை, வெப்பநிலைக் கம்பிகள், சிலவற்றில் ‘நான் இன்ன வகை’ என்று கருவிக்குச் சொல்லும் அடையாளக் கம்பியும் இருக்கிறது. மாறிப்போனால் தொல்லை, சரியாக இணைத்தாலும் ஒட்டு வழியாக ஈரமும் இரைச்சலும் புகும். கார்மின், லோரன்ஸ், ஹம்மின்பேர்ட், ஃபுருனோ, ரேமரைன் என்று பலருக்கும் டிரான்ஸ்டியூசர் செய்துதரும் ஏர்மார் நிறுவனம், ஒரே டிரான்ஸ்டியூசருக்குக் கருவிக்கு ஏற்ற கம்பியைத் தனியாக மாட்டும் வகைகளை வைத்திருக்கிறது. மாற்றி இணைப்பான்களும் கிடைக்கின்றன. ஆனால் முளை பொருந்துகிறது என்பதாலேயே வேலை செய்யும் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே நிறுவனத்துக்குள்ளேயே பழைய தலைமுறைக் கருவிக்குப் புது டிரான்ஸ்டியூசர் புரியாத கதை நிறைய உண்டு. வாங்கும் முன் கருவியின் மாதிரி எண்ணையும் டிரான்ஸ்டியூசரின் மாதிரி எண்ணையும் பொருத்தப் பட்டியலில் பாருங்கள், மாட்டிய பிறகு கருவியின் அமைப்புக்குள் போய் டிரான்ஸ்டியூசர் வகையைத் தேர்ந்தெடுங்கள். இந்தக் கடைசி வேலையைச் செய்யாமல் ‘ஆழம் தப்பாக வருகிறது’ என்று எழுதுகிறவர்கள் கொஞ்சநஞ்சமல்ல.

கேள்வி: பக்கவாட்டில் பார்ப்பது, நேரலையில் பார்ப்பது எல்லாம் வந்துவிட்டதே. சாதாரண சோனாரே வாங்காமல் நேராக அதற்கே போய்விடலாமா?

பதில்: உங்கள் தண்ணீரின் ஆழத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். பக்கவாட்டுப் படம் 2005-ல் ஹம்மின்பேர்ட் மூலம் சாதாரணப் படகுகளுக்கு வந்தது, மூழ்கிய மரம், பாறை, படிக்கட்டாக இறங்கும் தரை இவற்றைத் தேட அதற்கு ஈடில்லை. 455 கிலோஹெர்ட்ஸில் தூரம் அதிகம், 800-ல் தெளிவு அதிகம், 1.2 மெகாஹெர்ட்ஸில் இன்னும் தெளிவு ஆனால் ஒரு பக்கத்துக்கு 30, 40 மீட்டருக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். படகை நேர்க்கோட்டில், மெதுவாக, ஒரே வேகத்தில் ஓட்ட வேண்டும், வளைத்தால் படமும் வளையும். ஆழமான கடலுக்கு இது உதவாது.

நேரலை சோனார் (கார்மினின் லைவ்ஸ்கோப் 2018-ல் வந்தது) மீன் தூண்டில் இரையை நோக்கி வருவதையே காட்டுகிறது. பார்த்தால் ஆசை வரும், மறுக்கவில்லை. ஆனால் அது ஒரு குறுகிய திசையை மட்டும் பார்க்கும், கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பேட்டரியை நன்றாகக் குடிக்கும். மீன் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகு உட்கார்ந்து பார்க்க அது சரி, ஏரி முழுக்கத் தேடுவதற்கு அதை முதல் கருவியாக வாங்குவதை நான் சொல்ல மாட்டேன். ஆழம் குறைந்த நன்னீரில் பிடிப்பவர் என்றால் சிர்ப்பும் பக்கவாட்டுப் படமும் ஒரே உடலில் உள்ள டிரான்ஸ்டியூசர். கடல் என்றால் நல்ல சிர்ப் மட்டும் போதும்.

கேள்வி: கயாக்கில் எதை மாட்டுவது?

பதில்: சின்னதாக எதையாவது. பாலிஎத்திலீன் கயாக்கில் தண்ணீர் வடியும் துளைக்கு அடியில் டிரான்ஸ்டியூசருக்கென்றே பள்ளம் விட்டிருப்பார்கள், இருந்தால் அதுவே சிறந்த இடம். இல்லையென்றால் பக்கவாட்டில் மடக்கும் கை வைத்துத் தொங்கவிடுங்கள், கரை சேரும்போது தூக்கிக்கொள்ளலாம். துடுப்பு வேகத்தில் குமிழித் தொல்லை கிடையாது, வாட் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

கேள்வி: டிரான்ஸ்டியூசர் மேல் பாசியும் சிப்பியும் படிகிறது. படகுக்கு அடிக்கும் பெயின்ட்டையே அதற்கும் அடிக்கலாமா?

பதில்: டிரான்ஸ்டியூசருக்கென்று விற்கும் பெயின்ட், அல்லது தண்ணீரில் கரையும் வகைப் பாசித்தடுப்புப் பெயின்ட், ஒரே ஒரு மெல்லிய பூச்சு. கீட்டோன் கலந்த பெயின்ட்டும் கரைப்பானும் பிளாஸ்டிக்கை அரித்துவிடும். வருடா வருடம் பழையதன் மேலேயே அடித்துக்கொண்டே போனால் பூச்சு தடித்து ஒலி மங்கும், பழையதை எடுத்துவிட்டு அடியுங்கள். பாசி புதிதாக இருக்கும்போதே மெல்லிய துணியும் மிதமான சோப்பும் போதும். சிப்பி ஒட்டியிருந்தால் பிளாஸ்டிக் பட்டையைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டுங்கள். இரும்பு உளி, கம்பித் தூரிகை, அழுத்தத் தண்ணீர் இயந்திரம் மூன்றும் வேண்டாம். முகத்தில் ஆழமாகக் கீறல் விழுந்தால் ஓடும்போது அந்தக் கீறலிலிருந்தே குமிழி கிளம்பும், மறுபடி வேகத்தில் படம் போகிறது என்று எனக்கு எழுதுவீர்கள்.